அரைநாள் வரலாறு: கேன்யன் டி ஷேயும் அதன் வழிகாட்டிகளும்

1

சுற்றுலா என்றால் நம் வட்டாரத்தில் ஓர் இளக்காரம் உண்டு. காசு கொடுத்துப் பார்வையை வாங்கும் வியாபாரம், பிறர் வாழ்க்கையைக் காட்சிப்பொருளாக்கும் வேலை என்று இரண்டு வரியில் கதையை முடித்துவிடுவோம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வரியோடு நின்றுவிட்டால், ஒரு சுற்றுலா வண்டியின் முன்னிருக்கையில் உட்கார்ந்திருப்பது யார், அந்த இருக்கைக்காக எத்தனை தலைமுறை மல்லுக்கட்டியிருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படாமலே போய்விடும். இக்கட்டுரை அப்படி ஒரு வண்டியின் முன்னிருக்கையைப் பற்றியது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், வடகிழக்கு மூலை. சின்லி என்றொரு சிற்றூர். அங்கிருந்து கிழக்கே செந்நிற மணற்பாறையைப் பிளந்துகொண்டு போகிறது கேன்யன் டி ஷே. 'ட்சேயி' என்ற நவஹோ சொல்லை ஸ்பானியர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அவர்கள் எழுதியதை ஆங்கிலம் பேசுபவர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி வாசித்தார்கள். கடைசியில் 'டி ஷே' ஆகிவிட்டது. 'ட்சேயி' என்றால் பாறைக்குள்ளே என்று பொருள். வாய்ப்பகுதியில் 30 அடி உயரத்தில் தொடங்கும் சுவர்கள் உள்ளே போகப்போக 1,000 அடியைத் தாண்டுகின்றன. சில மைல் போனதும் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளைக்குக் கேன்யன் டெல் முயெர்ட்டோ, அதாவது இறந்தவரின் பள்ளத்தாக்கு என்று பெயர். 1882இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சார்பில் வந்த ஜேம்ஸ் ஸ்டீவன்சன் குழு அங்கே பழங்காலச் சடலங்களைக் கண்டெடுத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் இது.

இங்கேதான் 'அரைநாள் பயணம்' நடக்கிறது. மூன்று, நான்கு மணி நேரம். ஜீப்புகள் போகும், ராணுவத்திலிருந்து வந்த பழைய ஆறுசக்கர லாரிகளும் நெடுங்காலம் ஓடியிருக்கின்றன. சாலை என்று ஒன்றும் கிடையாது, ஓடையின் படுகைதான் சாலை. பனி உருகும் பருவத்தில் தண்ணீர் பெருகும். புதைமணல் எங்கே இருக்கிறது என்பது பழகினவருக்குத்தான் தெரியும். வண்டி வெள்ளை வீடு எனப்படும் இடிபாட்டுக்குப் போகும், வடக்குக் கிளையில் மான் வீடு எனப்படும் இடிபாடு வரை போகும், பிறகு திரும்பிவிடும். பொதுவாக அவ்வளவுதான்.

ஒரு விதி இருக்கிறது. பள்ளத்தாக்கின் தரையில் கால் வைக்க வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற நவஹோ வழிகாட்டி ஒருவர் கூட வர வேண்டும். மேலே விளிம்போரச் சாலையில் நின்று யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இறங்க முடியாது. வெள்ளை வீட்டுக்கு இறங்கும் ஒரே ஒரு நடைபாதைக்கு மட்டும் பல பத்தாண்டுகள் விலக்கு இருந்தது. உலகத்தையே தன் கொல்லைப்புறமாக நினைத்துப் பழகின நாட்டில், 'எங்க ஆள் இல்லாம உள்ள வராதே' என்று ஒரு சமூகம் சொல்ல முடிகிறதே, இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? யாராவது தூக்கிக் கொடுத்தார்களா?

2

வழிகாட்டி என்ற சொல்லுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கெட்ட வரலாறு உண்டு. முன்பு இங்கே வந்தவர்களும் வழி தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். வந்தது படை.

1805 ஜனவரியில் அந்தோனியோ நர்போனா என்ற ஸ்பானிய அதிகாரியின் படை வடக்குக் கிளைக்குள் புகுந்தது. செங்குத்துச் சுவரில் உயரத்தில் இருக்கும் ஒரு குகையில் நவஹோக்கள் ஒளிந்திருந்தார்கள். 115 பேரைக் கொன்றதாகவும் அவர்களில் 90 பேர் போர்வீரர்கள் என்றும் நர்போனா மேலிடத்துக்கு எழுதினார். நவஹோ வாய்மொழி மரபு வேறு மாதிரி சொல்கிறது: ஆண்கள் வேட்டைக்குப் போயிருந்தார்கள், குகையில் இருந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும்தான் என்கிறது. ஆங்கில வரைபடத்தில் அது படுகொலைக் குகை. நவஹோ மொழியில் அதன் பெயர் 'இருவர் விழுந்த இடம்'. ஒரு பெண் மேலேறி வந்த சிப்பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து கீழே விழுந்தாளாம். ஒரே சம்பவம், அதிகாரியின் கடிதம் அதை ஓர் எண்ணிக்கையாகப் பதிகிறது, வெள்ளையர் வரைபடம் பலியாக, அங்குள்ளவர்களின் மொழி எதிர்ப்பாக. இடப்பெயரும் ஒரு வரலாற்றுப் பிரதிதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இந்தப் பகுதி மெக்சிகோவிடமிருந்து அமெரிக்கா கைக்குப் போனபிறகு, 1863இல் ஜெனரல் ஜேம்ஸ் கார்ல்டன் நவஹோக்களை மொத்தமாகப் பெயர்த்தெடுக்க முடிவு செய்தார். வேலையை ஒப்படைத்தது கிட் கார்சனிடம். யார் இந்தக் கார்சன்? 1840களில் ஜான் ஃப்ரிமான்ட்டின் ஆய்வுப் பயணங்களுக்கு வழிகாட்டியாகப் போய்ப் பேர் வாங்கினவர். அமெரிக்க மேற்கின் மிகப் புகழ்பெற்ற 'வழிகாட்டி' என்றே இவரைச் சொல்லலாம். வழி காட்டத் தெரிந்தவருக்கு வழி அடைக்கவும் தெரிந்திருந்தது. நவஹோக்களோடு பகை கொண்டிருந்த யூட் இனத்தாரைத் துப்பறியவும் வழிகாட்டவும் சேர்த்துக்கொண்டார். நேருக்கு நேர் பெரிய யுத்தம் ஒன்றும் நடக்கவில்லை. விளைந்த பயிரை எரித்தார்கள், ஆடுகளைப் பிடித்தார்கள், மக்களைப் பட்டினி போட்டார்கள். 1864 ஜனவரியில், பனிக்குளிரில், கேப்டன் ஆல்பர்ட் பைஃபரின் பிரிவு கிழக்குப் பக்கமிருந்து பள்ளத்தாக்கில் இறங்கி மேற்கு வாய் வழியாக வெளியே வந்தது. அதே ஆண்டு கோடையில் இன்னொரு பிரிவு வந்து ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தது. அப்போது மக்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சரணடைந்திருந்தார்கள். தோற்றுப்போனவர்களின் பழமரத்தை வெட்டுவது போர்த் தந்திரத்தில் சேராது. திரும்பி வருவதற்கு ஒரு காரணமும் மிஞ்சக்கூடாது என்பதே அதன் அர்த்தம்.

வடக்குக் கிளையில், மான் வீட்டுக்கு அருகே, தனியே நிற்கும் ஒரு பெரும்பாறை உண்டு. கோட்டைப் பாறை என்பார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு கூட்டம் அதன் உச்சியில் ஏறிப் பதுங்கியிருந்தது என்றும், கீழே சிப்பாய்கள் தூங்கும்போது இரவில் கயிறு விட்டுத் தண்ணீர் மொண்டார்கள் என்றும் நவஹோக்கள் சொல்கிறார்கள். ராணுவக் கடிதங்களில் 'வெற்றி'யாக இருப்பதில் இது ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தப்பித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அங்கே இருக்கிறார்கள்.

3

சரணடைந்தவர்களைக் கிழக்கே 300 மைலுக்கு மேல் நடத்திக்கொண்டு போனார்கள். நவஹோக்கள் இதை 'நெடுநடை' என்கிறார்கள். போய்ச் சேர்ந்த இடம் நியூ மெக்சிகோவில் பேகோஸ் ஆற்றங்கரை, போஸ்க் ரெடோண்டோ. உச்சத்தில் 8,000 பேருக்கு மேல் அங்கே அடைபட்டிருந்தார்கள். உப்புத் தண்ணீர், புழு தின்ற பயிர், விறகுக்குக்கூட மரமில்லாத தரை. இவர்களை 'நாகரிக' விவசாயிகளாக மாற்றிக் காட்டுகிறேன் என்று கார்ல்டன் செய்த பரிசோதனை அது. நான்கு ஆண்டுகளில் பெருந்தொகையானவர்கள் அங்கே செத்தார்கள்.

1868 மே கடைசியில் பேச்சுவார்த்தைக்கு வந்தவர் ஜெனரல் ஷெர்மன். உள்நாட்டுப் போரில் ஜார்ஜியாவை எரித்த அதே ஷெர்மன். இன்றைய ஓக்லஹோமாப் பக்கம் வேறு நிலம் தருகிறோம், போகிறீர்களா என்று கேட்டுப் பார்த்தார். நவஹோக்கள் தரப்பில் பேசியவர் பார்போன்சிடோ. கேன்யன் டி ஷேக்காரர். எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கும் போகமாட்டோம் என்பதில் அவர் அசையவில்லை. ஜூன் 1ஆம் தேதி கையெழுத்தான உடன்படிக்கையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எல்லை குறிக்கும்போது இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ரிசர்வேஷனுக்குள் அடங்கும் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது, உடன்படிக்கை அனுமதித்தவர்களும் அரசு ஊழியர்கள், படையினர் போன்றவர்களும் தவிர வேறு யாரும் அந்த நிலத்தைக் கடக்கவோ குடியேறவோ தங்கவோ கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

நாம் தேடிய பதிலின் வேர் இதுதான். 'எங்க ஆள் இல்லாம உள்ள வராதே' என்பது ஏதோ சுற்றுலாத் துறை அதிகாரியின் யோசனையில் உதித்தது இல்லை. பட்டினி கிடந்தவர்கள் பேசி வாங்கிய ஒரு வாசகம் அதற்கு முன்னால் இருக்கிறது. வாசகம் எழுதியதும் எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க அரசு இம்மாதிரி உடன்படிக்கைகளை என்ன பாடுபடுத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் காகிதத்தில் இருப்பதற்கு ஓர் ஆயுள் உண்டு. 1959இல் ஓர் வெள்ளை வியாபாரி நவஹோத் தம்பதி மேல் கடன் வழக்குப் போட்டபோது, ரிசர்வேஷனுக்குள் நடந்ததை விசாரிக்க மாநில நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்சநீதிமன்றம் தீர்த்தது. அதற்கு அது எடுத்துக்காட்டிய ஆவணங்களில் ஒன்று இந்த 1868 உடன்படிக்கை.

4

அடுத்த திருப்பம் 1931. அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி கேன்யன் டி ஷே 'தேசிய நினைவுச்சின்னம்' ஆயிற்று; ஏறக்குறைய 84,000 ஏக்கர். மற்ற இடங்களில் 'தேசியப் பூங்கா' என்று பலகை நட்டால் குடியிருந்த பூர்வகுடிகளை வெளியேற்றுவது வழக்கம். யோசெமிட்டியிலும் குளேசியரிலும் நடந்தது தெரிந்ததே. இங்கே அப்படிச் செய்ய முடியவில்லை, காரணம் நிலம் நவஹோக்களுடையது. அவர்களுடைய பழங்குடி மன்றத்தின் சம்மதத்தைக் கேட்க வேண்டியிருந்தது. அந்த மன்றமே 1923இல் எண்ணெய்க் குத்தகைகளுக்குக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று அரசு உருவாக்கியதுதான். இருந்தாலும் அது பேரம் பேசியது.

சட்டம் ஒரு விசித்திரமான பாகப்பிரிவினை செய்தது. நிலம், கனிமம், எண்ணெய், மேய்ச்சல், விவசாயம் எல்லாம் நவஹோக்களுக்கு. தொல்பழங்கால இடிபாடுகளையும் அறிவியல், வரலாற்று முக்கியத்துவம் உள்ளவற்றையும் பராமரிக்கும் பொறுப்பு தேசியப் பூங்காத் துறைக்கு. சுருக்கமாகச் சொன்னால், உயிருள்ளவை உங்களுக்கு, செத்தவை எங்களுக்கு. இந்தப் பாகப்பிரிவினையின் வினை பின்னால் வரும்.

அதே சட்டத்தில் இன்னொரு சிறு வாசகம். பார்வையாளர்களுக்குச் சவாரி விலங்குகளை ஏற்பாடு செய்து தருவதில் நவஹோக்களுக்கே முன்னுரிமை என்கிறது. குதிரைக்காகச் சொன்ன உரிமை. குதிரை போய் லாரியும் ஜீப்பும் வந்தன. உரிமையும் வண்டி மாறி ஏறிக்கொண்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். இன்றைய அரைநாள் ஜீப்பின் தாய்வழிப் பாட்டி 1868, அப்பன் 1931.

குதிரைக்கு முன்னுரிமை கொடுத்த அதே பத்தாண்டில் ஆடுகளுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1868 உடன்படிக்கையில் 15,000 செம்மறிகளும் வெள்ளாடுகளும் வாங்கித் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. அந்த மந்தையிலிருந்து நவஹோக்கள் எழுந்தார்கள். 1933க்குப் பிறகு, செவ்விந்திய விவகார ஆணையர் ஜான் காலியரின் காலத்தில், மேய்ச்சல் மிகுந்து மண் அரிக்கிறது, ஹூவர் அணையில் வண்டல் சேர்கிறது என்று சொல்லி ஆடுகளைக் குறைக்கச் சொன்னது அதே அரசு. சும்மா குறைக்கவில்லை, பல இடங்களில் சுட்டுப் போட்டு அழுகவிட்டார்கள். மந்தை பெரும்பாலும் பெண்களின் சொத்து. அடி அவர்கள் மேல் விழுந்தது. காலியர் பழங்குடிப் பண்பாட்டை மதித்த 'நல்ல' அதிகாரி என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்லெண்ணமும் சுற்றுச்சூழல் அறிவியலும் கைகோத்தபோது நடந்த காரியம் இது. மண் அரிப்பைத் தடுக்க அக்காலத்தில் பள்ளத்தாக்கில் நட்ட டாமரிஸ்க் மரங்களும் ரஷ்ய ஆலிவ் மரங்களும் பின்னால் ஓடையையே அடைத்துக்கொண்டன. இந்த நூற்றாண்டில் அவற்றைப் பிடுங்கும் வேலை நடந்தது.

ஆடு போனவன் என்ன செய்வான்? கூலி, நெசவு விற்பனை, சுற்றுலா. எனவே வழிகாட்டியின் இருக்கையில் உரிமையும் இருக்கிறது, இழப்பும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பவர் பாதிதான் பார்க்கிறார்.

5

இனி வண்டியில் இருப்பவர்களின் பார்வைக்கு வருவோம். அவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள்? 1873இல் திமத்தி ஓசல்லிவன் அரசு நில அளவைக் குழுவோடு வந்து வெள்ளை வீட்டைப் புகைப்படம் எடுத்தார். பிரம்மாண்டமான சுவர், அதில் ஒரு கூடுபோல இடிபாடு. பள்ளத்தாக்கு எரிந்து ஒன்பது ஆண்டு, மக்கள் திரும்பி ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. அவர் அதே பயணத்தில் தறியோடு உட்கார்ந்திருக்கும் நவஹோக்களையும் எடுத்திருக்கிறார். ஆனால் கலை வரலாற்றில் நிலைத்தது இடிபாட்டுப் படம்தான். 1942இல் ஆன்செல் ஆடம்ஸ் வந்து அதே இடத்தை அதேபோல மறுபடியும் எடுத்தார். நடுவில் 1904இல் எட்வர்ட் கர்ட்டிஸ் எடுத்த படத்தில் சுவரடியில் ஏழு குதிரைக்காரர்கள் எறும்புபோலப் போகிறார்கள். அதே ஆண்டு நவஹோக்களை எடுத்த இன்னொரு படத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'மறைந்துவரும் இனம்'. இன்று நவஹோ நாட்டின் பதிவேட்டில் ஏறக்குறைய 4 லட்சம் பேர். மறைந்தது தலைப்புதான்.

ஜொஹன்னஸ் ஃபேபியன் 'காலமும் மற்றமையும்' (1983) என்ற நூலில் மானிடவியல் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும். களத்தில் ஆய்வாளரும் அந்த மக்களும் ஒரே காலத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எழுதும்போது மட்டும் அவர்கள் வேறொரு பழைய காலத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். சுற்றுலாப் பார்வையும் இதைத்தான் செய்கிறது. கண் மேலே போகிறது, 800 ஆண்டுக்கு முந்தைய சுவருக்கு. கீழே இருக்கும் மக்காச்சோளக் கொல்லையும் ஹோகன் வீடும் கம்பிவேலியும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன. அனுமதியில்லாமல் வீட்டையோ ஆட்களையோ படமெடுக்காதே என்ற விதியை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

நமக்கும் இந்தப் பள்ளத்தாக்கு தெரியாத இடமில்லை. 'மெக்கன்னாஸ் கோல்ட்' (1969) படத்தை நம்மூர்த் தியேட்டர்களில் எத்தனை முறை போட்டார்கள்! சூரிய உதயத்தில் ஒற்றைத் தூண்பாறையின் நிழல் நீண்டு தங்கம் இருக்கும் வாசலைக் காட்டுமே, அந்தப் பாறை இங்கேதான் நிற்கிறது. பெயர் சிலந்திப் பாறை. ஏறத்தாழ 800 அடி. நவஹோ மரபில் அது சிலந்திப் பெண்ணின் வீடு. மக்களுக்கு நெசவு சொல்லிக் கொடுத்தவள் அவள். நெசவின் மூலஸ்தானத்தைச் சினிமா புதையலுக்குக் கைகாட்டி மரமாக்கிவிட்டது; பிறகு பள்ளத்தாக்கையே இடித்துத் தள்ளி எல்லாவற்றையும் புதைத்துப் படத்தை முடித்தது. விசில் அடித்தவர்களில் நாமும் உண்டு.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே தெரியும் இடிபாடுகளைக் கட்டியவர்கள் நவஹோக்கள் அல்ல. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வீடுகளை விட்டுப்போன அம்மக்களின் வழித்தோன்றல்கள் ஹோப்பி முதலிய புவெப்லோ இனத்தார். அவர்களைக் குறிக்க வழங்கிவந்த 'அனசாசி' என்ற நவஹோச் சொல்லில் பகைவரின் முன்னோர் என்ற பொருள் தொனிக்கிறது என்று புவெப்லோக்கள் ஆட்சேபித்தார்கள். ஆய்வாளர்களும் அதைக் கைவிட்டு வருகிறார்கள். ஆக, வழிகாட்டி தன்னுடைய நிலத்தில் நின்றுகொண்டு இன்னொருவரின் மூதாதையர் வீட்டைக் காட்டுகிறார். 'பூர்வகுடி' என்று ஒற்றைச் சொல்லில் எல்லோரையும் அடைத்துவிட்டு, அவர்கள் குரலே சத்தியம் என்று கும்பிடுவது நமக்குச் சுலபம். அவர்களுக்குள்ளும் உரிமை கோரல்கள் உண்டு, பழைய வழக்குகள் உண்டு என்று ஏற்றுக்கொள்வதுதான் அவர்களை நம் காலத்து மனிதர்களாக மதிப்பது.

6

1931இன் பாகப்பிரிவினைக்குத் திரும்புவோம். 'செத்தவை எங்களுக்கு' என்பதை அரசு அப்படியே நடத்திக் காட்டியது. 1931 முதல் 1990 வரை இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து குறைந்தது 303 பேருடைய எலும்புகளும் உடல் எச்சங்களும் எடுத்துச் செல்லப்பட்டு, டூசான் நகரிலுள்ள பூங்காத் துறைக் கிடங்கில் வைக்கப்பட்டன. 1990இல் வந்த சட்டப்படி இவை எந்த இனத்துக்குச் சேர வேண்டும் என்று கணக்கெடுக்கத் தொடங்கியபோது நவஹோ நாடு கேட்டது: எங்கள் நிலத்திலிருந்து எங்களைக் கேட்காமல் எடுத்தவை, கணக்கு அப்புறம் இருக்கட்டும், முதலில் திருப்பிக் கொடுங்கள். 2011இல் வழக்குப் போட்டார்கள். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கு நடக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நவஹோ மரபில் இறந்தவரின் எச்சத்தைத் தொந்தரவு செய்வது பெருங்கேடு. வழிகாட்டி கைநீட்டிக் காட்டும் குகைகளில் சிலவற்றின் ஆட்கள் பெட்டிக்குள் எண்ணாகப் போனவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, நேரம். அரைநாள் வண்டி மான் வீட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது. படுகொலைக் குகை அதற்கும் மேலே இருக்கிறது. அதற்கு முழுநாள் வண்டி வேண்டும். சதி என்று இதைச் சொல்லத் தேவையில்லை. தூரமும் மணலும்தான் காரணம். ஆனால் விளைவு என்ன? 1805 பலருக்கு அரைநாளுக்குள் அடங்காமல் போகிறது. எல்லா வரலாற்றெழுத்துக்கும் இப்படி ஒரு திரும்புமிடம் உண்டு. பாடப்புத்தகத்துக்கு ஒன்று, கட்சி வரலாற்றுக்கு ஒன்று, இந்தக் கட்டுரைக்கும் ஒன்று. வண்டி எங்கே திரும்புகிறது, அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று கேட்கப் பழகுவதுதான் வாசிப்பு.

நம் விவாதங்களில் இப்போதெல்லாம் 'அவரவர் கதையை அவரவர் சொல்லட்டும்' என்பது ஒரு மந்திரம்போல ஆகிவிட்டது. நல்லதுதான். ஆனால் கேன்யன் டி ஷே அதற்கு மேலே ஒன்று சொல்கிறது. கதை சொல்லும் உரிமை மட்டும் கிடைத்தால் அது டிப்ஸுக்குச் சொல்லும் கதையாக முடிந்துபோகலாம். வழிகாட்டி தன் விருப்பப்படி பேசலாம், பேசாமலும் இருக்கலாம், சில இடங்களில் வண்டியை நிறுத்தாமலே போகலாம். அந்தத் துணிவு அவருடைய சொற்களிலிருந்து வருவதில்லை. நிலப் பத்திரத்திலிருந்தும், 1868இன் வாசகத்திலிருந்தும், மறுபடி மறுபடி நட்ட பீச் மரங்களிலிருந்தும் வருகிறது. 2020இல் கொரோனா நவஹோ நாட்டைக் கடுமையாகத் தாக்கியபோது அவர்கள் தங்கள் பூங்காக்களை மூடினார்கள். இந்தப் பள்ளத்தாக்கும் மூடப்பட்டது. வருமானம் போனது, ஆனாலும் மூடினார்கள். வாசலைத் திறக்கிறவன் கையில் பூட்டும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எந்தப் பிரதிநிதித்துவத்துக்கும் சரியான பரீட்சை. சின்லி வாசலில் பூட்டு இருக்கிறது. டூசான் கிடங்கின் பூட்டு நெடுங்காலம் வேறு கையில் இருந்தது.